தோராவைச் சரியாக வாசித்தவர் ஐன்ஹார்னே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

1861 ஜனவரி 4 அன்று, அமெரிக்க அதிபர் புக்கானன் அறிவித்த நோன்பு நாளில், நியூயார்க்கின் யூத ஜெப ஆலயம் ஒன்றில் ரபி (யூத மதகுரு) மாரிஸ் ராஃபால் ஆற்றிய உரையையே எதிரணி நண்பர் தம் வாதத்துக்கு அடித்தளமாகக் கொண்டார். யூத வேதத்தின் முதல் ஐந்து நூல்களான தோராவின் பத்துக் கட்டளைகளிலேயே அடிமையைப் பற்றிய பேச்சு வருவதால் அடிமை வைத்திருப்பது பாவமாகாது என்றார் ராஃபால். அதை மறுத்து எழுதிய பால்டிமோர் ரபி டேவிட் ஐன்ஹார்ன், நூலில் இல்லாத தம் விருப்பத்தை நூலின் மேல் ஏற்றினார் என்பது நண்பரின் குற்றச்சாட்டு.

வேற்றினத்து அடிமைகளைப் பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுச்செல்ல தோராவின் லேவியராகமம் அனுமதிப்பதை எங்கள் அணி மறைக்கவில்லை. மோசேயின் சட்டம் பலதார மணத்தையும் இரத்தப் பழிவாங்கலையும்கூடப் பொறுத்துக்கொண்டதே, அதனால் அவை இறைவனுக்கு உகந்தவை ஆகிவிடுமா என்பதுதான் ஐன்ஹார்ன் எழுப்பிய கேள்வி.

அதே சட்டம் வேறு என்ன சொல்கிறது? ஆளைத் திருடி விற்பவனுக்கு மரண தண்டனை. எஜமான் அடித்து அடிமையின் ஒரு பல் விழுந்தாலும் அந்தப் பல்லுக்கு ஈடாக விடுதலை. எல்லாவற்றுக்கும் மேலாக உபாகமம் 23ஆம் அதிகாரம்: தப்பி வந்த அடிமையை எஜமானிடம் ஒப்படைக்காதே, அவன் தனக்குப் பிடித்த ஊரில் உன் நடுவே வாழட்டும், அவனை ஒடுக்காதே. இதன் பக்கத்தில் அமெரிக்காவின் 1850ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்துப் பாருங்கள். வடக்கே தப்பி வந்தவரைத் திருப்பியனுப்பும் ஆணையருக்கு 10 டாலர், விடுவிப்பவருக்கு 5 டாலர் என்று கட்டணம் வகுத்த சட்டம் அது.

உபாகமத்தின் வசனம் வேற்று நாட்டிலிருந்து தப்பி வந்தவருக்கு மட்டுமே பொருந்தும், உள்நாட்டில் ஓடியவரைத் திருப்பித் தரவேண்டும் என்று ராஃபால் சுருக்கினார். உரைமரபில் அப்படி ஒரு விளக்கம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வசனத்தின் சொற்களில் அந்த வரம்பு இல்லை. அப்படியிருக்க, நூலில் இல்லாததை ஏற்றியவர் ஐன்ஹார்ன் மட்டும்தான் என்று எப்படிச் சொல்வது?

எபிரேயரிடம் அடிமை உரிமையுள்ள மனிதனாக இருந்தான், அமெரிக்கத் தெற்கு மாநிலங்களிலோ அவன் வெறும் பொருளாக்கப்பட்டிருக்கிறான் என்று அதே உரையில் ராஃபாலே ஒப்புக்கொண்டார். அங்கேதான் அவர் நின்று பேசியிருக்க வேண்டும். அடிமைத்தனத்தை ஆதரித்தோர் அந்த வேறுபாட்டை ஒதுக்கிவிட்டு, பாவமில்லை என்ற தீர்ப்பையே கொண்டாடினார்கள்.

ஐன்ஹார்ன் எழுதியதோ அடிமைமுறை நடைமுறையில் இருந்த மேரிலாந்து மாநிலத்தில். 1861 ஏப்ரலில் பால்டிமோரில் கலவரம் மூண்டபோது, உயிருக்கு அஞ்சிக் குடும்பத்தோடு பிலடெல்ஃபியாவுக்கு வெளியேறினார். பிரசங்கத்தில் இந்தச் சர்ச்சையைத் தொடாதிருந்தால் திரும்பி வரலாம் என்று சபையார் பின்னர் அழைத்தும் அவர் போகவில்லை. நூலைத் தம் வசதிக்கு வளைத்தவர் ஐன்ஹார்ன் என்னும் நண்பர், அந்த வாசிப்பு அவருக்கு எந்த வசதியைத் தந்தது என்பதைத் தம் மறுமொழியில் இந்த அவைக்கு விளக்கட்டும்.