சூசையப்பர் எழுந்து போனார்

(தவக்கால வெள்ளிக்கிழமை ஒன்றில், சிலுவைப்பாதை முடிந்த பிறகு, கடலூர்ப் பங்கு ஒன்றின் மக்களிடையே ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

பங்குத்தந்தை அவர்களே, அருட்சகோதரிகளே, தெருத் தெருவாகக் கூடிச் செபிக்கும் அன்பியங்களிலிருந்து வந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். பதினான்கு தலங்களுக்கும் முழங்கால் போட்டு எழுந்து வந்திருக்கிறீர்கள். வயதானவர்கள் சுவரோரமாகச் சாய்ந்து உட்காருங்கள், நான் தவறாக நினைக்க மாட்டேன்.

அன்றாட வாழ்க்கையில் விசுவாசத்தை எப்படி வாழ்வது என்று பேசச் சொல்லி பங்குச் சாமியார் கேட்டார். நான் மறையியல் படித்தவள் இல்லை. 34 வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள். எனக்குத் தெரிந்ததெல்லாம் வார்டும் வீடும் இந்தக் கோயிலும்தான். அதிலிருந்துதான் பேச முடியும்.

இது மார்ச் மாதம். மரியாவின் கணவர், இயேசுவை வளர்த்த தந்தை சூசையப்பருக்கு நேர்ந்த மாதம். 19-ஆம் தேதி அவருடைய திருநாள். அதனால் அவரிடமிருந்தே தொடங்குகிறேன். நான்கு நற்செய்திகளையும் புரட்டிப் பாருங்கள், சூசையப்பர் பேசியதாக ஒரு வார்த்தைகூடக் கிடையாது. மரியா பேசுகிறார், செக்கரியா பேசுகிறார், கோயிலில் இருந்த கிழவர் சிமியோன்கூடப் பேசுகிறார். இவர் பேசவில்லை. அப்படிப்பட்டவரைத்தான் வீரமாமுனிவர் பாட்டுடைத் தலைவராக்கி, 'வளன்' என்று பெயர் சூட்டி, தேம்பாவணியில் 3615 பாடல் பாடினார். அந்த முனிவர் கட்டிய பெரியநாயகி மாதா கோயில் நம் மாவட்டத்துக் கோணான்குப்பத்தில்தான் இருக்கிறது. இங்கே பலர் அங்கு போய்வந்தவர்கள்.

பேசாத மனிதருக்கு அத்தனை பாட்டு எதற்காக? மத்தேயு நற்செய்தியின் முதல் இரண்டு அதிகாரங்களைப் படியுங்கள். கனவில் வானதூதர் சொல்கிறார், சூசையப்பர் எழுகிறார். மரியாவை ஏற்றுக்கொள் என்றதும் எழுந்தார். குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடு என்றதும் எழுந்தார், அதுவும் இரவோடு இரவாக. திரும்பி வா என்றதும் எழுந்தார். அவரைப் பற்றி நற்செய்தி திரும்பத் திரும்பச் சொல்வது இந்த ஒன்றைத்தான். தூக்கத்திலிருந்து எழுந்து, சொன்னதைச் செய்தார். விடியட்டும் என்று அவர் படுத்திருந்தால், குழந்தையைக் கொல்லத் தேடிய ஏரோது அரசனின் ஆட்கள் வந்திருப்பார்கள்.

இது எனக்குப் புரிந்தது கோயிலில் இல்லை, ஒரு வார்டில்.

அன்றைக்கும் தவக்கால வெள்ளிக்கிழமைதான். நான் அப்போது வேலை பார்த்த மருத்துவமனையில் ஆண்கள் வார்டு, நைட் டியூட்டி. முப்பது கட்டில், அது போதாமல் தரையில் பாய் விரித்து ஏழெட்டுப் பேர். ஊசியெல்லாம் போட்டு, சார்ட் எழுதி முடிக்க இரண்டு மணி ஆகிவிட்டது. மேஜையில் உட்கார்ந்து செபமாலையை எடுத்தேன். வெள்ளிக்கிழமை என்றால் துக்க தேவ இரகசியம், இயேசுவின் பாடுகளை நினைத்துச் சொல்வது. மூன்றாவது இரகசியம், இயேசுநாதர் முள்முடி சூட்டப்பட்டது. நாலு மணி உருட்டியிருப்பேன், மூலைக் கட்டிலிலிருந்து "யம்மா... யம்மா..." என்று குரல் வந்தது.

பண்ருட்டிப் பக்கத்துப் பெரியவர். முந்திரி மரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு உடைந்து வந்திருந்தார். தானாகத் திரும்பிப் படுக்கக்கூட முடியாது. துணைக்கு வந்த மகன் வராந்தாவில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். குரல் எனக்கு நன்றாகக் கேட்டது. இந்தப் பத்து மணியை முடித்துவிட்டுப் போவோம் என்று நினைத்தேன். இன்னும் ஆறு அருள் நிறைந்த மந்திரம், ஒரு திரித்துவ தோத்திரம். மிஞ்சிப்போனால் மூன்று நிமிடம். சாமி காரியத்தைப் பாதியில் விடக்கூடாது என்றுதான் எங்கள் வீட்டில் சொல்லி வளர்த்தார்கள். முடித்து, செபமாலைக்கு முத்தம் கொடுத்து, டப்பாவில் வைத்துவிட்டுப் போனேன்.

அவர் ஒன்றுக்குப் போயிருந்தார். கட்டிலுக்குக் கீழே இருந்த பாத்திரத்தை எடுத்துக்கொடுக்கத்தான் கூப்பிட்டிருக்கிறார். நனைந்த இடம் தெரியாமல் தோள் துண்டை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தார். துண்டு போதவில்லை. நான் கிட்டே போனதும் சொன்னார்: "ஒண்ணுமில்லம்மா. நீ சாமி கும்புட்டுக்கிட்டு இருந்த. நான்தான் பொறுக்காம கூப்புட்டுட்டேன்."

துணியை மாற்றினேன், துடைத்தேன், பவுடர் போட்டேன். இடுப்பை அசைக்க முடியாதவர், முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தன் மகள் வயதுப் பெண் முன்னால் ஒரு மனிதர் அப்படிப் படுத்திருக்கும்படி ஆனது என்னால்தான். பக்தியின் பேரால் நான் செய்த காரியம் அது.

பாஸ்காவுக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். கோபம், புறணி, பூசைக்குப் பிந்தி வந்தது என்று வரிசையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் இதைச் சொன்னேன். சாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பெரியவர் பேரு என்னம்மா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. இருபத்திரண்டாம் கட்டில் என்றுதான் தெரியும். பத்து நாளாக மருந்து கொடுத்த மனிதர்.

அந்தச் சாமியார்தான் புனித வின்சென்ட் தே பவுல் பற்றிச் சொன்னார். 1633-இல், புனித லூயிஸ் தே மரியாக்கோடு சேர்ந்து பிறரன்பு மகளிர் சபையைத் தொடங்கியவர். ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் பணி செய்யத் தெருவில் இறங்கிய சகோதரிகள் அவர்கள். செப நேரத்தில் ஓர் ஏழைக்கு மருந்து கொண்டுபோக வேண்டி வந்தால் மனக்கலக்கமில்லாமல் போங்கள், அது கடவுளை விட்டுவிட்டுக் கடவுளிடமே போவது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாராம். நான் கடவுளைப் பிடித்துக்கொண்டு கடவுளைக் காக்க வைத்திருக்கிறேன். எனக்குக் கிடைத்த அபராதம் செபமில்லை. ஒரு மாதத்துக்கு வார்டில் ஒவ்வொரு நோயாளியின் பெயரையும் கேட்டு, பெயர் சொல்லித்தான் ஊசி போட வேண்டும். அந்த ஒரு மாதம் முடிந்த பிறகும் அந்தப் பழக்கத்தை நான் விடவில்லை.

செபமாலையைக் குறைத்துப் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்றைக்கும் ஐந்து பத்தும் சொல்லாமல் நான் படுப்பதில்லை. அது இல்லாவிட்டால் அந்த வார்டில் 34 வருடம் என்னால் தாக்குப்பிடித்திருக்க முடியாது. யாராவது கூப்பிட்டால் பாதியில் வைத்துவிட்டு எழுந்திருக்கத் தெரிய வேண்டும் என்றுதான் சொல்கிறேன். மாதா காத்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை ஆரம்பத்தில் நாம் எல்லோரும் மார்பில் தட்டிக்கொண்டு சொல்கிறோமே: "என் சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும் கடமையில் தவறியதாலும் பாவங்கள் பல செய்தேன்." முதல் மூன்றும் நமக்குத் தெரியும். நாலாவதை ரயில் வேகத்தில் கடந்துபோய்விடுகிறோம். மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் இறுதித் தீர்ப்பு வருகிறது. இடப்பக்கம் நிற்பவர்கள் மேல் அரசர் என்ன குற்றம் சாட்டுகிறார்? கொலையா, களவா? ஒன்றுமில்லை. பசியாக இருந்தேன், கொடுக்கவில்லை. நோயுற்றிருந்தேன், கவனிக்கவில்லை. செய்யாமல் விட்டது மட்டுமே அங்கே பட்டியல். அந்தப் பகுதியை வாசகமாகக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெரியவரின் துண்டுதான் கண்முன் வரும்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நம் ஊரில் யாருக்கும் அந்தத் தேதியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஒன்று உங்களில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறதோ. கிறிஸ்மஸுக்கு அடுத்து வந்த அந்த ஞாயிறு திருக்குடும்பத் திருநாள். அன்றைய நற்செய்தி, சூசையப்பர் எழுந்து, குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு தப்பி ஓடிய பகுதி. அதைக் காலைப் பூசையில் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தேன். சற்று நேரத்தில் தெருவில் சத்தம். "கடல் உள்ள வந்துடுச்சு!" தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனங்குப்பம் என்று ஒவ்வொரு ஊர்ப் பெயராக வந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடினேன். லீவில் இருந்தவர்கள், ரிட்டயர் ஆனவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை.

நம் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் போய்விட்டார்கள். அந்த நாளைப் பற்றி அதிகம் பேச எனக்கு இன்னும் முடியாது. ஒன்று மட்டும். தேவனாம்பட்டினத்து அம்மா ஒருவர், தலைமுடியெல்லாம் மணல், கையில் கிழிசல். தையல் போட உட்கார வைத்தால் உட்கார மாட்டேன் என்கிறார். இடுப்பில் ஒரு குழந்தை. அது அவருடைய குழந்தை இல்லை. தண்ணீரில் கைக்குக் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்திருக்கிறார். "இதோட ஆத்தா தேடுவா, நான் வாசல்லயே நிக்கிறேன்" என்றார். எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று நான் கேட்கவில்லை. நின்ற வாக்கிலேயே தையல் போட்டோம். காலையில் கேட்ட நற்செய்தி மதியத்துக்குள் என் கண்முன்னே நடந்து வந்து நின்றது.

பேரிடர் நாளில் எழுந்துவிடுகிறோம். எனக்குக் கஷ்டமாக இருப்பது மற்ற நாட்கள்தான். அதைச் சொல்லிவிட்டு முடித்துவிடுகிறேன். கேட்கச் சங்கடமாக இருக்கும்.

பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரியில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745-ஆம் ஆண்டுக்கு உரிய பக்கங்களில் ஒரு செய்தி இருக்கிறது. புதுச்சேரிக் கோயிலுக்குள்ளேயே நடுவில் ஒரு சுவர். ஒரு பக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியர்களும், மறுபக்கம் பறையர்கள். சேரி மக்கள் திரண்டுபோய், நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, எங்களை ஏன் பிரித்து வைக்கிறீர்கள் என்று சாமியாரிடம் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. நம் உயர்மறைமாவட்டத்தின் பெயரே புதுச்சேரி–கடலூர் என்பதால் இது வேறு யாருடைய கதையோ இல்லை. அந்தச் சுவரை இடிக்கச் சொல்லிக் கேட்டவர்கள் அதற்கு அந்தப் பக்கம் நின்றவர்கள். இந்தப் பக்கம் உட்கார்ந்து பூசை கண்டவர்களில் ஒருவரும் எழுந்து கேட்டதாக அதில் நான் பார்க்கவில்லை.

சில வருடங்களுக்கு முன், நான் அப்போது குடியிருந்த பகுதியில், அன்பியக் கூட்டம் முதல்முறையாக ஒரு தங்கச்சியின் வீட்டில் நடந்தது. அதுவரை அந்தத் தெருவுக்கு எங்கள் அன்பியம் போனதே இல்லை. வாசல் தெளித்து, கோலம் போட்டு, மாதா சுரூபத்துக்கு மல்லிகைச் சரம் போட்டு வைத்திருந்தது அந்தப் பெண். விவிலியம் வாசித்தோம், பகிர்ந்தோம், "எங்களுக்குத் தீமை செய்வோரை நாங்கள் மன்னிப்பது போல" என்று கைகோத்துச் செபித்தோம். முடிந்ததும் அந்தப் பெண் உள்ளே போய்ச் சுண்டலும் டீயும் எடுத்துவந்தது. ஒருவருக்கு வயிறு சரியில்லை. ஒருவருக்குச் சர்க்கரை. இன்னொருவருக்குப் பேரன் ஸ்கூலிலிருந்து வரும் நேரம். ஒவ்வொருவராகச் செருப்பு மாட்டினார்கள். எதற்காக என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், "வீட்ல வேலை கிடக்கு" என்று நானும் அவர்களோடு சேர்ந்து கிளம்பினேன். அந்தப் பெண் தட்டோடு நடுக்கூடத்தில் நின்றது.

அன்று இரவு செபமாலை ஓடவில்லை. மறுநாள் சாயங்காலம் தனியாகப் போனேன். கதவைத் திறந்ததும் என்னை உட்காரச் சொன்னது. மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன், வார்த்தை வரவில்லை. "நேத்து சுண்டல் ஏதாச்சும் மிச்சம் இருக்காம்மா?" என்றுதான் கேட்க முடிந்தது.

"ஊசிப்போயிடுச்சுக்கா. மாட்டுக்குப் போட்டுட்டேன். இருங்க, டீ போடுறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனது.