ஏணி உச்சியில் முடிந்துபோகும் முற்றுகை

நேயர்களுக்கு வணக்கம். இடைக்கால ஐரோப்பியப் போர்களைக் கருவாகக் கொண்ட கணினி விளையாட்டுகளைப் பல ஆண்டுகளாக விரும்பி ஆடி வருபவன் நான். அந்தக் காலத்துக் கோட்டைகளின் வரலாற்றையும் அதே ஆர்வத்தோடு படித்து வருகிறேன். திறந்தவெளிப் போரை, குதிரைப்படை பாய்ந்து வந்து ஈட்டி வரிசையில் மோதும் அந்தக் கணத்தை, இந்த விளையாட்டுகள் மனம் நிறையும்படி காட்டுகின்றன. கோட்டை முற்றுகை என்று வரும்போது மட்டும் ஏனோ தடுமாறிவிடுகின்றன.

2010இல் வெளிவந்த ‘மவுண்ட் அண்ட் பிளேட்: வார்பேண்ட்’ விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அதில் பல கோட்டைகளுக்குள் நுழைய ஓர் ஏணியோ, சக்கரம் வைத்த ஒரு மரக்கோபுரமோதான் வழி. இருநூறு வீரர்கள் அந்த ஒற்றை ஏணியில் ஒருவர் பின் ஒருவராக ஏறுகிறார்கள். முதல் வீரனின் தலை மதிலுக்கு மேலே தெரிந்ததுமே, அங்கே காத்திருக்கும் கோடரியும் மூன்று நான்கு வாள்களும் ஒன்றாக இறங்குகின்றன. அவன் சரிந்து விழுவதற்குள் இரண்டாமவன் அதே இடத்தில் தலையை நீட்டுகிறான். கீழே நிற்பவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு, கேடயத்தைக்கூட உயர்த்த இடமில்லாமல், அம்புகளை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அதன் அடுத்த பாகமாக 2022இல் முழுமை பெற்று வந்த ‘பேனர்லார்டு’ இந்தக் குறையைத் தீர்க்க உண்மையாகவே முயன்றது: பல ஏணிகள், மரக்கோபுரங்கள், வாயிலை இடிக்கும் தகர்பொறி, கல்லெறி பொறிகள் என்று எல்லாம் வந்தன. ஆனாலும் கணினி இயக்கும் வீரர்கள் ஏணியடியில் கூடித் தயங்கி நிற்கும் காட்சி பலரையும் சலிப்படைய வைத்தது.

ஏணி உச்சியில் நடக்கும் அந்தப் படுகொலையை வரலாற்றுப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். உயர்ந்த மதிலில் ஏறுபவன் கதி அதுதான். அதனால்தான் மிகச் சிறிய காவற்படைகூட ஒரு பெருங்கோட்டையைக் காத்து நிற்க முடிந்தது. 1404இல் இங்கிலாந்தை எதிர்த்துக் கிளர்ந்த வேல்ஸ் தலைவன் ஓவைன் கிளின்டூரின் படை வேல்ஸ் நாட்டுக் கேர்னார்வன் கோட்டையைச் சூழ்ந்தபோது உள்ளே இருந்த வீரர்கள் ஏறத்தாழ 28 பேர்தான், கோட்டையும் விழவில்லை. பிழை எங்கே இருக்கிறது என்றால், விளையாட்டில் தாக்குபவர்களுக்கு அச்சமும் இல்லை, அனுபவமும் இல்லை. ஐம்பது பேர் ஒரே இடத்தில் விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகும் ஐம்பத்தொன்றாமவன் ஏறிக்கொண்டே இருக்கிறான். உண்மையான படைத்தலைவர்கள் இந்தச் சேதத்தை முன்கூட்டியே அறிந்திருந்தார்கள். ஆகவே நேரடித் தாக்குதலை இயன்றவரை தள்ளிப்போட்டு, வேறு வழி தேடினார்கள். அந்த வேறு வழிகள்தாம் முற்றுகையின் பெரும்பகுதி. விளையாட்டுகளோ அவற்றை ஒதுக்கிவிட்டுக் கடைசி ஒரு மணி நேரத்தை மட்டும் நம் கையில் கொடுக்கின்றன.

இங்கிலாந்தில் ராச்செஸ்டர் கோட்டை 1215ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஏறத்தாழ ஏழு வாரம் முற்றுகையிடப்பட்டது. கிளர்ச்சிப் பிரபுக்களிடமிருந்து அதை மீட்க வந்த ஜான் மன்னனின் கல்லெறி பொறிகளால் அங்கிருந்த மாபெரும் நடுக்கோபுரத்தை அசைக்க முடியவில்லை. அவனுடைய ஆட்கள் கோபுரத்தின் தென்கிழக்கு மூலைக்கு அடியில் சுரங்கம் தோண்டி, மேலே உள்ள கட்டடம் இறங்கிவிடாதபடி மரக்கால்களை முட்டுக்கொடுத்து நிறுத்தினார்கள். நவம்பர் 25ஆம் தேதி மன்னனிடமிருந்து ஓர் ஆணை புறப்பட்டது: உண்ணத் தகாத, நல்ல கொழுப்பேறிய நாற்பது பன்றிகளை உடனே அனுப்பவும். அந்தக் கொழுப்பைக் கொண்டு முட்டுமரங்களுக்குத் தீ வைத்ததும் மூலைக் கோபுரம் சரிந்தது. விளையாட்டாக இருந்தால் அந்த நொடியே வெற்றி முழக்கம் கேட்டிருக்கும். உள்ளே இருந்தவர்களோ நடுக்கோபுரத்தை இரண்டாகப் பிரிக்கும் குறுக்குச் சுவருக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டு மேலும் போராடினார்கள். தங்கள் குதிரைகளையே அடித்துத் தின்று, அதுவும் தீர்ந்து, பசி தாங்காமல்தான் நவம்பர் 30ஆம் தேதி சரணடைந்தார்கள். அந்த மூலையைப் பின்னர் வட்டக் கோபுரமாகக் கட்டினார்கள். மற்ற மூன்று மூலைகளும் இன்றைக்கும் சதுரமாகவே நிற்கின்றன.

பசியை விளையாட்டுகள் முற்றிலும் மறந்துவிட்டன என்று சொல்வது நியாயமாகாது. வார்பேண்டில் கோட்டைக்குள் எத்தனை நாளுக்கு உணவு இருக்கிறது என்று ஓர் எண் தெரியும். ஆனால் அந்த எண் குறையும்வரை கூடாரத்தில் காத்திருந்து பொழுதைப் போக்குவதைத் தவிர ஆடுபவருக்கு வேறு வேலை இல்லை. 2001இல் வந்த ‘ஸ்ட்ராங்ஹோல்டு’ இதில் பல படி மேலானது: கிடங்கில் ஆப்பிளும் ரொட்டியும் குறையக் குறைய, பங்கீட்டைப் பாதியாக்கினால் மக்களின் ஆதரவு சரிவதைப் பார்க்கலாம்; சுரங்கம் தோண்டும் ஆட்களும் அதில் உண்டு. அதை ஆடும்போதுதான் உணவுக் கிடங்கு எனக்கு மதிலைவிட முக்கியமாகப் பட்டது. இருந்தும், நார்மண்டியில் 1203–04 குளிர்காலத்தில் ஷத்தோ கயார் கோட்டையில் நடந்தது போன்ற ஒன்றை எந்த விளையாட்டிலும் நான் எதிர்கொண்டதில்லை. அங்கே தஞ்சம் புகுந்திருந்த ஊர்மக்களை, உணவைச் சேமிப்பதற்காகக் காவற்படைத் தலைவன் வெளியே அனுப்பினான். முதலில் வந்தவர்களுக்கு, கோட்டையைச் சூழ்ந்திருந்த பிரெஞ்சுப் படை வழிவிட்டது. பின்னர் வந்த நூற்றுக்கணக்கானோரை பிரெஞ்சு மன்னன் பிலிப்பின் ஆணைப்படி தடுத்துவிட, முன்னேயும் போக முடியாமல், பின்னே கதவும் திறக்காமல், இரு படைகளுக்கும் நடுவே குளிரிலும் பட்டினியிலும் பலர் மாண்டார்கள். வாயிலைத் திறப்பதா, மூடுவதா என்று அங்கே எடுக்க வேண்டியிருந்த முடிவை ஆடுபவரிடம் கொடுத்தால், நூறு வாள்வீச்சுகளுக்கு இல்லாத கனம் அதற்கு இருக்கும்.

எல்லாவற்றையும்விட எனக்கு ஏக்கம் தருவது பேச்சுவார்த்தை இல்லாத குறைதான். ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் கோட்டையைச் சூழ்ந்த ஸ்காட்லாந்துப் படைத்தலைவன் எட்வர்ட் புரூசும், அதை இங்கிலாந்துக்காகக் காத்து நின்ற பிலிப் மோப்ரேயும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள்: 1314ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் தேதிக்குள் இங்கிலாந்துப் படை வந்து மீட்காவிட்டால் கோட்டை ஒப்படைக்கப்படும். அந்தக் கெடுவுக்காகவே இங்கிலாந்து மன்னன் இரண்டாம் எட்வர்ட் பெரும்படையோடு வடக்கே வந்தான்; கோட்டைக்கு அருகிலேயே பானக்பர்னில் தோற்றான். கெடு, தூது, மீட்புப் படையின் அவசரப் பயணம், கோட்டை உச்சியிலிருந்து தெற்குத் திசையைப் பார்த்துக்கொண்டே இருக்கும் காவலன் என்று ஒரு நல்ல விளையாட்டுக்கு வேண்டிய அத்தனையும் அதில் இருக்கின்றன. புதிதாகக் கற்பனை செய்ய வேண்டிய தேவையே இல்லை. ஏணியில் ஏறும் இருநூறாவது வீரனாக நான் போதுமான அளவு ஆடிவிட்டேன்; அந்தக் கெடு முடிவதற்குள் மன்னனிடம் செய்தி கொண்டு சேர்க்க இரவோடு இரவாகக் குதிரையில் கிளம்பும் தூதனாக ஒருமுறை ஆட வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நன்றி. வணக்கம்.