சாக்கடைத் தண்ணில கரண்ட்டு: கணக்கு பார்க்கலாமுங்க

வணக்கமுங்க. சாக்கடைத் தண்ணில இருந்து கரண்ட்டு எடுக்கறதப் பத்திப் பேசச் சொல்லி ரேடியோ நிலையத்துல கூப்பிட்டாங்க. யாராச்சும் சாப்பிட்டுட்டே கேட்டீங்கன்னா கொஞ்சம் பொறுத்துக்குங்க.

நம்ம பக்கம் தோட்டத்துல கோபர் கேஸ் வெச்சவங்களுக்கு பாதி விஷயம் ஏற்கனவே தெரியும். காத்துப் புகாத தொட்டில சாணிக்கரைசல் கெடந்தா கிருமிக அதத் தின்னுட்டு மீத்தேன்ங்கற எரியற கேஸ விடும், ஊர்ச் சாக்கடையோட அடிவண்டல், ஸ்லட்ஜுன்னு சொல்றாங்கல்லீங்க, அதுலயும் இதேதான், 35 டிகிரி சூட்டுல ஒரு 20 நாள் டைஜஸ்டர்ங்கற காத்துப் புகாத தொட்டில கெடந்தா கேஸ் வந்துரும். குளிர் நாட்டுல வர்ற கேஸ்ல ஒரு பங்கு அந்தத் தொட்டியச் சூடு பண்ணவே போயிரும், நமக்கு அந்தச் செலவு கம்மி.

எவ்வளவு வரும்னு கேப்பீங்க. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு தோராயமா 20 லிட்டர் கேஸ். ஒரு கன மீட்டர் கேஸுக்கு இன்ஜின்ல ரெண்டு யூனிட் கரண்ட்டு கெடைக்கும். அப்ப ஒரு ஆள் கணக்கு, 9 வாட் பல்பு நாலு மணி நேரம் எரியற அளவுதானுங்க. லட்சம் பேர் இருக்கற ஊருன்னா தினம் 4000 யூனிட். இத வெச்சு ஊருக்கே லைட்டு போடலாம்னு யாராச்சும் மேடைல பேசுனா நம்பாதீங்க. ஆனா ஒரு எஸ்டிபில, அதாவது சாக்கடைத் தண்ணியச் சுத்தம் பண்ற பிளான்ட்ல, ஓடற கரண்ட்டுல பாதிக்குப் பக்கம் அழுக்கத் தின்ற கிருமிகளுக்குக் காத்தடிக்கற ப்ளோயருக்கே போகுது, அந்த பில்லக் கொறைக்கறதுக்கு இது நல்லாவே ஆகும். ஆஸ்திரியால ஸ்ட்ராஸ்ங்கற ஊரு பிளான்ட் 2005லயே தன் கரண்ட்டத் தானே எடுத்துக்கிச்சு. அவ்வளவு தூரம் எதுக்குங்க, சென்னைல கொடுங்கையூர், பெருங்குடிலயே கேஸ் இன்ஜின் வெச்சிருக்காங்க.

அப்ப இங்க எல்லா பிளான்ட்லயும் வெச்சா என்னன்னா, அங்கதான் சிக்கல். கோயமுத்தூர் உக்கடத்துல இருக்கறது எஸ்பிஆர் முறை, அதாவது ஒரே தொட்டில காத்தடிச்சு, அதுலயே தெளியவும் விடறது. அந்த முறைல பொதுவா முதல் படிவுத் தொட்டி, அதாவது காத்தடிக்கறதுக்கு முன்னாடியே வண்டல அடில தங்க விடற தொட்டி, வெக்கறதில்லீங்க. கேஸ் குடுக்கற சத்து அந்த மொத வண்டல்லதான் நெறைய, அத முன்னாடியே பிரிக்காம, கரண்ட்டச் செலவு பண்ணி காத்தடிச்சே தீத்துட்டு, அப்பறம் மிச்சத்துல கேஸ் வரலையேன்னா எப்படி வரும்? அதனால புதுசா பிளான்ட் போடறப்பவே டிராயிங்ல இதக் கேக்கணும்ங்கறது என் அபிப்பிராயம்.

அடுத்தது கேஸ சுத்தம் பண்றது. அழுகுன முட்டை நாத்தம் அடிக்கற ஹைட்ரஜன் சல்பைடு இன்ஜின அரிச்சுப் போடும். அதுக்கு ஒரு சுலபமான வழி, துருப்பிடிச்ச இரும்புப் பிசிறு நெரப்புன டிரம்முக்குள்ள கேஸ விடறது, கந்தகம் இரும்புல ஒட்டிக்கும். லேத் பட்டறைப் பிசிறுக்கு கோயமுத்தூர்ல பஞ்சமா! ஆனா பழைய பிசிற மாத்தறப்ப தண்ணி தெளிச்சுட்டே எடுக்கணுமுங்க, காஞ்ச பிசிறு காத்து பட்டா தானாச் சூடேறி தீப்பிடிக்கும். இன்னொண்ணு, நாம போடற ஷாம்புல இருக்கற சிலிக்கான் சமாச்சாரம் கேஸோட வந்து, எரிஞ்சு, பிஸ்டன் மேல வெள்ளை மணலாப் படியும், அதுக்கு கரி ஃபில்டர் வேணும். கேஸ் இன்ஜின் வாங்கறவங்க இத மாத்தி மாத்திப் போட ஆளும் காசும் ஒதுக்கலைனா, இன்ஜின் ஷெட்ல சும்மாதான் நிக்கும்.

கேஸ் கம்மியா வந்தா கூட்டறதுக்கும் வழி இருக்கு. சேலம், நாமக்கல் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) பேக்டரிக்காரங்க மரவள்ளிக்கிழங்குத் தண்ணில கேஸ் எடுக்கறது புதுசில்ல, அந்தச் சத்துல கொஞ்சம் டைஜஸ்டருக்குள்ள போனாலே கேஸ் ஏறிரும். திப்பி, அந்தக் கிழங்குச் சக்கை, மாட்டுத்தீவனத்துக்குப் போயிருது, வெலை கட்டாது. மார்க்கெட் காய்கறிக் கழிவுதான் தோது. மீன் கழிவு அதிகம் போட்டா அம்மோனியா ஏறி கிருமி சுணங்கிரும், பாத்து அளவாப் போடணும். வாழைநார் மட்டும் வேண்டவே வேண்டாமுங்க, கலக்கற மோட்டார்ல சுத்திக்கிட்டா தொட்டியவே காலி பண்ற வேலை வந்துரும்.