வளைவுக்குள் பயம் வந்தால் கைகள் என்ன செய்ய வேண்டும்?

வணக்கம் நண்பர்களே. எனக்குப் பின்னால் தெரிவது கேப்பர் மலைக்கு ஏறும் சாலை. காற்று பலமாக வீசுகிறது, அதனால் கொஞ்சம் உரக்கவே பேசுகிறேன். போன வீடியோவில் பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே உள்ள மேன் தீவில், ஊர்ச் சாலைகளிலேயே நடக்கும் டிடி மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பற்றிச் சொன்னேன், அதைப் பார்த்துவிட்டு நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, அவர்களுக்கு வளைவில் பயமே வராதா? எனக்கு வண்டி சாய ஆரம்பித்தாலே கை இறுகிவிடுகிறது." இன்று முழுக்க இந்தக் கேள்விதான்.

பயம் வரும் தம்பி. எல்லோருக்கும் வரும். வந்த அந்த நொடியில் கை என்ன செய்கிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

வளைவுக்குள் நுழைந்த பிறகு வேகம் கூடிவிட்டதாகத் தோன்றினால் உடம்பு நம்மைக் கேட்காமலே வேலை செய்யத் தொடங்கிவிடும். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மூடும். ஹேண்டில்பாரை இறுக்கும். முன் பிரேக்கை அழுத்தும். எதில் மோதிவிடுவோமோ என்று அஞ்சுகிறோமோ, கண் அதிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். இந்த நான்குமே வண்டியை வளைவுக்கு வெளியே தள்ளுகிறவை. சாய்ந்திருக்கும் வண்டியில் முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்தால் வண்டி நிமிர்ந்துகொள்ளும். நிமிர்ந்தால் நேராகப் போகும். நேராகப் போனால் வளைவின் வெளி ஓரத்தில் இருக்கும் புளியமரம்தான். தோளும் முழங்கையும் இறுகியிருந்தால் முன் சக்கரம் தன் போக்கில் சாலையைப் பின்பற்ற முடியாது. ஒவ்வொரு மேடு பள்ளமும் உங்கள் கை வழியாகத் திரும்பவும் வண்டிக்கே போய்ச் சேரும்.

நல்ல ஓட்டுநர் இதற்கு நேர் எதிராகச் செய்கிறார். கண்ணை வளைவு முடியும் இடத்துக்குக் கொண்டுபோகிறார். பெட்ரோல் டேங்கை முழங்காலால் கவ்விக்கொண்டு கைகளைத் தளர்த்துகிறார். ஆக்சிலரேட்டரை மெல்லிய அளவில் ஒரே சீராக வைத்திருக்கிறார். பிறகு உள்பக்க ஹேண்டிலை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளுகிறார். உடம்பு 'நிறுத்து, நிமிர்த்து' என்று கத்தும்போது வண்டியை இன்னும் சாய்க்கிறார் பாருங்கள், நான் துணிவு என்று சொல்வது அதைத்தான். முறுக்கிக்கொண்டு பறப்பதை அந்தப் பெயரால் அழைக்க எனக்கு மனம் வருவதில்லை.

ஹேண்டிலைத் தள்ளுவதைப் பற்றிப் பலருக்கும் குழப்பம் இருக்கிறது. இடது பக்கம் திரும்ப இடது ஹேண்டிலை முன்னால் தள்ள வேண்டும். கேட்பதற்குத் தலைகீழாக இருக்கும். விளக்குமாற்றை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். அதன் உச்சி இடப்பக்கம் சாய வேண்டுமானால் கை வலப்பக்கம் நகர வேண்டும். வண்டியிலும் அதேதான் நடக்கிறது: இடது ஹேண்டிலைத் தள்ளும்போது முன் சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் நகர்கிறது, வண்டி இடப்பக்கம் சாய்கிறது, சாய்ந்த வண்டி இடப்பக்கம் வளைகிறது. கவுன்டர் ஸ்டியரிங் என்று சொல்வார்கள். நடை வேகத்தைத் தாண்டியதும் நாம் எல்லோரும் தெரியாமலே இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். தெரிந்து செய்யப் பழகினால், பயம் வரும் நேரத்தில் கைக்குச் செய்ய ஒரு வேலை கிடைக்கும்.

இப்போது ஒரு கணக்கு சொல்கிறேன், தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 50 மீட்டர் ஆரம் உள்ள ஒரு வளைவு. அதில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் வண்டி ஏறத்தாழ 30 டிகிரி சாய வேண்டும். அதே வளைவில் 80 என்றால் 45 டிகிரி. வெறும் 20 கிலோமீட்டர்தான் கூடியிருக்கிறது. ஆனால் 45 டிகிரியில் டயர் பக்கவாட்டில் தாங்கும் விசை, வண்டியும் நீங்களும் சேர்ந்த மொத்த எடைக்குச் சமமாகிவிடுகிறது. வேகம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்கு. மோட்டோஜிபி என்னும் உலக மோட்டார் சைக்கிள் பந்தய வீரர்கள் 60 டிகிரிக்கும் மேல் சாய்கிறார்கள் என்றால், அவர்களுடைய டயர்களை மின்சாரப் போர்வையால் சூடாக்கித்தான் வண்டியில் மாட்டுகிறார்கள், அவர்கள் ஓடும் தளமும் துடைத்து வைத்தது போன்றது. நம் வண்டியின் டயர் காலையில் வீட்டு வாசலில் குளிர்ந்து கிடந்துவிட்டு வருகிறது.

முழங்காலைத் தரையில் உரசுவது பற்றியும் நிறையக் கேட்கிறீர்கள். 1978 முதல் 1980 வரை தொடர்ந்து மூன்று முறை 500 சிசி மோட்டார் சைக்கிள் பந்தய உலகப் பட்டம் வென்ற அமெரிக்க வீரர் கென்னி ராபர்ட்ஸ் அந்தப் பாணியை உலகம் முழுக்கப் பரப்பினார். உடம்பை உள்பக்கமாகத் தொங்கவிட்டால் அதே வேகத்துக்கு வண்டி குறைவாகச் சாய்ந்தால் போதும், டயருக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதற்காகத்தான் அது. புகைப்படத்துக்காகச் செய்கிறவர்கள் வண்டியையும் அளவுக்கு மீறிச் சாய்த்து உடம்பையும் தொங்கவிடுகிறார்கள். அதில் பயன் ஒன்றுமில்லை.

பிரேக்குக்கு வருகிறேன், இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. வளைவுக்கு முன்பே பிரேக்கை முழுவதும் விட்டுவிட வேண்டும் என்றுதான் முதலில் சொல்லித் தருவார்கள். தொடக்கத்தில் அது சரியான பாடம். பந்தயக்காரர்கள் வளைவுக்குள்ளும் முன் பிரேக்கைக் கொஞ்சம் கொண்டுபோகிறார்கள், டிரெயில் பிரேக்கிங் என்று பெயர். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் வருகிறது, முன் டயர் சாலையோடு அகலமாக அழுந்துகிறது, முன் சக்கரத்தைத் தாங்கும் போர்க் அமுங்கி வண்டி விரைவாகத் திரும்புகிறது. சாய்வு கூடக் கூட விரலின் அழுத்தம் குறைந்துகொண்டே வர வேண்டும். சட்டென்று விட்டால் போர்க் துள்ளி எழும், வண்டி வளைவின் வெளிப்பக்கமாக ஓடும். கூட்டிப் பிடித்தால் முன் சக்கரம் வழுக்கும். ஒற்றை விரலில் இத்தனை நிதானம் வேண்டியிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. இதை நம் ஊர்ச் சாலையில் பழகாதீர்கள். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 12 வளைவுகள் கொண்ட 3.7 கிலோமீட்டர் பந்தயத் தளம் இருக்கிறது. பயிற்சி நடக்கும் நாள் பார்த்து, முழு உடுப்போடு, பயிற்சியாளர் சொல்படி பழகுங்கள்.

சரி, மேன் தீவு. அங்கே ஒரு சுற்று 60 கிலோமீட்டருக்கும் மேல், வளைவுகள் இருநூறுக்கு மேல். கல் சுவர், வீட்டு வாசல், விளக்குக் கம்பம் எல்லாம் சாலையை ஒட்டியே. 2023-ல் பீட்டர் ஹிக்மன் அதைப் பதினாறரை நிமிடத்தில் சுற்றினார், சராசரி வேகம் மணிக்கு 219 கிலோமீட்டர். பத்து நொடிக்கு ஒருவராகத்தான் புறப்படுகிறார்கள், ஆகவே ஒவ்வொருவரும் கடிகாரத்தோடு போட்டியிடுகிறார்கள். 1911 முதல் அந்தத் தடத்தில் 250-க்கும் அதிகமானோர் உயிரிழந்திருக்கிறார்கள். இதைச் சொல்லாமல் அந்தப் பந்தயத்தைப் புகழ்வது தவறு.

பார்வைக்கு மறைந்த வளைவுக்குள் அவர்கள் முழு வேகத்தில் போவது எப்படி? அந்த வளைவு அவர்களுக்குப் பார்க்காமலே தெரியும். ஆண்டுக்கணக்கில் வீடியோ பார்த்து, அந்தச் சாலையில் சாதாரண வண்டியில் போய்ப் பார்த்து, எந்த வாசல்படி வந்ததும் திரும்ப வேண்டும் என்பது வரை மனத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்களை முதலில் வேகக் கட்டுப்பாட்டோடு, அனுபவசாலி முன்னால் போக, பின்தொடரச் செய்கிறார்கள். தெரியாத வளைவில் அவர்களும் காத்திருக்கத்தான் செய்கிறார்கள்.

2008 மே மாதம் வட அயர்லாந்தின் நார்த் வெஸ்ட் 200 என்னும் சாலைப் பந்தயத்தின் பயிற்சியில் பந்தய வீரர் ராபர்ட் டன்லப் இறந்தார். இரண்டு நாள் கழித்து அவருடைய மகன் மைக்கேல் அதே சாலையில் 250 சிசி பந்தயத்தில் இறங்கி வென்றார். 2024-ல் மேன் தீவில் தன் பெரியப்பா ஜோயியின் 26 வெற்றிகளையும் தாண்டினார். அந்த மனத்தை நான் தலைவணங்கிப் பார்க்கிறேன். பின்பற்றுங்கள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இதில் நம் சாலைக்கு எதை எடுத்துக்கொள்வது? பந்தயக்காரர்கள் வளைவில் போகும் பாதையை எடுக்காதீர்கள். பந்தயத்தில் சாலை முழுவதும் அவர்களுடையது. வெளி ஓரத்தில் தொடங்கி, உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளியே போகலாம். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். வலப்பக்க வளைவில் உள் ஓரம் என்பது நடுக்கோடு. டயர் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தாலும், சாய்ந்த உங்கள் தலையும் தோளும் அந்தப் பக்கம் இருக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்தப் பக்கம் பஸ் வரும்.

எடுத்துக்கொள்ள வேண்டியது பார்வை. சாலையின் இரண்டு ஓரங்களும் தூரத்தில் ஒன்று சேர்வது போல ஒரு புள்ளி தெரியும். அது உங்களை நோக்கி நெருங்கி வந்தால் வளைவு இறுகுகிறது, வேகத்தைக் குறையுங்கள். அது விலகி ஓடினால் வளைவு விரிகிறது, மெல்ல முறுக்கலாம். வலப்பக்க வளைவில் சாலையின் இடப்பக்கமே இருந்து, மறுமுனை தெரியும் வரை திரும்பாமல் காத்திருங்கள். அந்தக் காத்திருப்பு உடம்புக்குப் பிடிக்காது, உடனே திரும்பச் சொல்லி நச்சரிக்கும். பொறுங்கள்.

நம் பக்கத்தில் கூடுதலாக ஒன்று உண்டு. அரவைக் காலத்தில் நெல்லிக்குப்பம் சாலையில் கரும்புச் சோகை சிதறிக் கிடக்கும். தை, மாசி தாண்டினால் உளுந்துச் செடியைச் சாலையிலேயே பரப்பியிருப்பார்கள். கடலோரத்தில் மணல். மூன்றிலும் டயருக்குப் பிடிப்பு இல்லை. ஆகவே கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். சாய்ந்தபடியே அவற்றின் மேல் போய்விட நேர்ந்தால் பிரேக்கைத் தொடாதீர்கள், ஆக்சிலரேட்டரை மாற்றாதீர்கள், வண்டியைக் கொஞ்சம் நிமிர்த்தி அதைக் கடந்த பிறகு மறுபடி சாயுங்கள்.

நெல்லிக்குப்பத்துத் தம்பி, உங்களுக்கு ஒரு பயிற்சி. ஆள் இல்லாத மைதானத்தில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, ஒரு ஹேண்டிலை மட்டும் விரல்களால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். முழங்கை மடங்கியிருக்கட்டும். ஹெல்மெட்டுக்குள் மூச்சு அடைபடுகிறதா என்று கவனியுங்கள்; அடைபட்டால் கையும் இறுகியிருக்கும். மூச்சை விடுங்கள், கை தானாகத் தளரும். ஒரு வாரம் செய்துவிட்டு, எந்தப் பக்கம் திரும்பும்போது கூடுதலாக இறுகுகிறது என்று எழுதுங்கள், அதைப் பற்றித் தனியாகப் பேசுவோம்.