கைக்கு வழி சொன்ன கண்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். செவ்வாய்த் தரையை அறிய ஊர்திகளுக்குப் பெரிதும் கைகொடுத்தது கருவிகளோடு பாறையைத் தொட்டறியும் கையா, தள்ளி நின்றே கனிமம் சொல்லும் அகச்சிவப்புக் கண்ணா? இதுதான் இன்றைய வழக்கு. நான் கண்ணின் பக்கம்.

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம், கை தொட்டால் போதும்" என்றார் எதிரணித் தலைவர். ஐயா, எந்தப் பானையைத் திறப்பது என்று அந்தக் கைக்கு யார் சொன்னது?

2004 ஜனவரி 25. நாசாவின் ஆப்பர்சூனிட்டி ஊர்தி செவ்வாயின் மெரிடியானி சமவெளியில் இறங்குகிறது. ஏன் அங்கே? சாம்பல் நிற ஹேமடைட் அங்கே இருப்பதாக, மேலே சுற்றிக்கொண்டிருந்த மார்ஸ் குளோபல் சர்வேயரின் அகச்சிவப்புக் கருவி சொல்லியிருந்தது. பெரும்பாலும் தண்ணீர் இருந்த இடத்தில் உருவாகும் இரும்புக் கனிமம் அது. ஊர்தியில் இருந்த அகச்சிவப்புக் கண்ணான மினி-டெஸ் ஒரு வாரத்துக்குள் அதைத் தரையிலேயே கண்டது.

அந்தக் காற்றுப்பைத் தடங்களைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. இறங்கும்போது ஊர்தியைச் சுற்றியிருந்த பைகள் மோதி உருண்ட இடத்தில் தடங்கள் பதிந்திருந்தன. சுற்றிலும் ஹேமடைட் தெரிகிறது, தடத்துக்குள் மட்டும் தெரியவில்லை! கனிமம் இருந்தது மேலே சிதறிக் கிடந்த குட்டி உருண்டைகளில். பை அழுத்தியதும் அவை மண்ணுக்குள் போய்விட்டன. ஒன்றரை சென்டிமீட்டர் வட்டத்தைத் தொடும் கைக்கு இந்த முழுக்காட்சி கிடைக்குமா?

பகல் வெயில் குடித்த மொட்டைமாடி இரவில் அனல் விடுகிறதே, பாறையும் அப்படித்தான். ஆனால் ஒவ்வொரு கனிமத்தின் அணுக்களும் அதிரும் விதம் வேறு. விடும் அனலில் அந்த அடையாளம் இருக்கும். மினி-டெஸ் படித்தது அதைத்தான்.

2007இல் இரட்டை ஊர்தியான ஸ்பிரிட்டின் பழுதான முன்சக்கரம் இழுபட்டுக் கிளறியதில் வெள்ளை மண் வந்தது. கையிலிருந்த எக்ஸ்ரே கருவி, 90 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா என்று அளந்தது. அதை மதிக்கிறேன். ஆனால் குவார்ட்ஸும் சிலிக்கா, ஓப்பலும் சிலிக்கா. எது? கையின் இன்னொரு கருவியான மாஸ்பவருக்கு இரும்புள்ள கனிமம் மட்டுமே தெரியும். நீர் சேர்ந்த ஓப்பல் வகை என்று காட்டியது மினி-டெஸ். வெந்நீரோ நீராவியோ அங்கே வேலை செய்திருக்கிறது என்ற பேச்சே அதற்குப் பிறகுதான் வலுத்தது. பக்கத்துப் பாறைகளிலும் அதே சிலிக்கா இருப்பதை, ஒவ்வொன்றையும் தொடாமலே அது சொன்னது.

"கண்ணாடியில் புழுதி படிந்ததும் உங்கள் கண் குருடாகிவிட்டதே, ஸ்பிரிட் பார்த்த கோமாஞ்சி பாறையில் கார்பனேட் கனிமத்தைக் கோட்டை விட்டதே" என்றார்கள். புழுதி படிந்தது உண்மை. ஆனால் 2005இல் எடுத்த அந்தப் பதிவை யாரும் தூக்கி எறியவில்லை. புழுதியின் சாயலைக் கணக்கிட்டுக் கழித்தார்கள். உள்ளே கார்பனேட் நின்றது. மாஸ்பவர் சொன்னதும் எக்ஸ்ரே அளவும் அதோடு பொருந்தின. பாறையில் 16 முதல் 34 சதவீதம் கார்பனேட் என்று 2010இல் ஆய்வு வெளிவந்தது. புழுதிக்கு அடியிலும் சாட்சி சொன்ன கண்ணையா குருடு என்பது?

2012இல் இறங்கிய கியூரியாசிட்டி ஊர்தியில், தள்ளி நின்று பாறையின் கனிமம் சொல்லும் இப்படியொரு அகச்சிவப்புக் கண்ணை வைக்கவில்லை. அடுத்து 2021இல் இறங்கிய பெர்சிவியரன்ஸைப் பாருங்கள்: கம்பத்தின் உச்சியில் சூப்பர்கேம் என்ற கருவி, அதற்குள் லேசரோடு சேர்த்து அகச்சிவப்புக் கண்ணும் திரும்ப வந்துவிட்டது. கை அப்போதும் இருந்தது, நடுவர் அவர்களே. இருந்தும் கண்ணைக் கேட்டு வாங்கினார்கள்.