எலி வளை எங்கே இருக்கிறது?

நடுவர் ஐயா அவர்களே, எங்கள் அணித் தலைவரே, நான் எந்த இடத்தில் சறுக்குவேன் என்று தாளும் பேனாவுமாகக் காத்திருக்கும் எதிரணி நண்பர்களே, பேச்சு முடிவதற்குள் சர்க்கரைப் பொங்கல் தீர்ந்துவிடுமோ என்ற கவலையில் இருக்கும் நம் குடியிருப்போர் சங்கத்து உறவுகளே, எல்லோருக்கும் வணக்கம்.

"வீடற்றோருக்குச் சென்னை மாநகரம் தர வேண்டியது ஊருக்குள் காப்பகமா, ஊர் தாண்டி வீடா?" இதுதான் தலைப்பு. நான் காப்பகத்தின் பக்கம். தலைப்பைக் கையில் கொடுத்தபோதே தெரிந்துவிட்டது, இன்று கைதட்டல் முழுக்க எதிரணிக்குத்தான் என்று. ஏழைக்கு வீடு கொடுக்காதே என்று ஒருவன் மேடையேறினால் அவனை யாருக்குப் பிடிக்கும்? என் வீட்டுக்காரம்மாவே கிளம்பும்போது, "எதுக்கும் பின் வரிசைல உக்காந்துக்கறேன்" என்றுதான் சொன்னார்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவி, பேராசிரியர் அம்மா, ஒரு பழமொழியோடு முடித்தார். "எலி வளையானாலும் தனி வளை வேண்டும்." பந்தல் அதிர்ந்தது. நானும்தான் தட்டினேன். தட்டி முடித்து உட்கார்ந்த பிறகு ஒரு சந்தேகம் வந்தது. சரி, அந்த எலி வளையை எங்கே தோண்டுகிறது? நெல் விளைகிற வயலின் வரப்பில் தோண்டுகிறது. தஞ்சாவூரில் நெல், கொடைக்கானலில் வளை, தினம் காலையில் பஸ் பிடித்து வேலைக்கு வருகிறது என்று எந்த எலியைப் பற்றியாவது கேள்விப்பட்டிருக்கிறோமா? எலிக்குத் தெரிந்த கணக்கு அது. ஊருக்குத் தெற்கே தள்ளி இருக்கும் பெரும்பாக்கத்தில் தரைத்தளத்துக்கு மேல் ஏழு மாடி என்று வரிசையாகக் கட்டி, பாரிமுனை நடைபாதையில் இருப்பவரை அங்கே கொண்டுபோய் இறக்கிவிட நினைப்பவர்களுக்கு அது தெரியவில்லை.

முதலில், நாம் யாரைப் பற்றிப் பேசுகிறோம்? மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றோர் என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. நடைபாதை, சாலையோரம், மேம்பாலத்தின் அடி, மாடிப்படியின் அடி, பெரிய சிமென்ட் குழாய், கோயில் மண்டபம், ரயில் நிலைய நடைமேடை, இங்கெல்லாம் இரவைக் கழிப்பவர்கள். 2011 கணக்கெடுப்பில் நாடு முழுக்க அவர்கள் 17.7 லட்சம் பேர். இந்தப் பட்டியலில் உள்ள இடங்களைப் பகலில் போய்ப் பாருங்கள். அங்கே யாரும் படுத்திருக்க மாட்டார்கள். மூட்டை தூக்கப் போயிருப்பார்கள், மீன்பாடி வண்டி ஓட்டப் போயிருப்பார்கள், கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவப் போயிருப்பார்கள். சோம்பேறிகள் என்று நாம் சொல்வது ராத்திரி பத்து மணிக்குப் பார்த்துவிட்டுச் சொல்வது. அந்த நேரத்தில் நம்மைப் பார்த்தால் நாமும்தான் படுத்திருப்போம். நமக்குக் கதவு இருப்பதால் யாருக்கும் தெரிவதில்லை.

கோயம்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1996 வரைக்கும் இந்த நகரத்தின் காய்கறிச் சந்தை ஜார்ஜ் டவுனில், கொத்தவால் சாவடியில் இருந்தது. நெரிசல் தாங்காமல் கோயம்பேட்டுக்கு மாற்றினார்கள். சந்தை போன இடத்துக்கு மூட்டை தூக்குபவர்களின் படுக்கையும் போனது. ஏன்? லாரி வருவது நள்ளிரவுக்கு மேல். இரண்டு மணிக்கு லாரி வந்து நிற்கும்போது, பக்கத்தில் படுத்திருப்பவன் எழுந்து ஓடினால் அவனுக்குக் கூலி. இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி ஏழாவது மாடியில் மின்விசிறிக்குக் கீழே தூங்குபவனுக்கு அந்த லாரி வந்ததே தெரியாது.

எதிரணியில் வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர், "பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் ஆயிற்றே, வந்து போகலாமே" என்றார். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது உண்மை, நல்ல திட்டம். ஆனால் அண்ணே, டிக்கெட்தான் இலவசம். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், அதை யார் இலவசமாகத் தருவார்கள்? விடிகாலை மூன்று மணிக்குப் பூ வாங்கப் போகிறவருக்கு எந்த பஸ் வரும்?

பூ என்றதும் ஞாபகம் வருகிறது. இந்தப் பேச்சுக்காகப் பூக்கடைப் பக்கம் ஒரு ராத்திரி போயிருந்தேன். நடைபாதையில் உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் கேட்டேன். "ஏம்மா, அரசாங்கம் வீடு குடுத்தா போவீங்களா?" கை நிற்கவில்லை, நார் ஓடிக்கொண்டே இருந்தது. "குடுத்தாங்க தம்பி. பூட்டிட்டு வந்துட்டேன்" என்றார். அவ்வளவுதான் பதில். அரசாங்கத்தின் தாளில் அந்த அம்மாவுக்கு வீடு இருக்கிறது. சாவி இடுப்பில் முடிந்திருக்கிறது. ஆள் மட்டும் ராத்திரி பதினோரு மணிக்கு நடைபாதையில் இருக்கிறார். எதிரணியினர் கேட்கும் வீட்டுக்குள் இப்போது யார் இருக்கிறார்கள் தெரியுமா? புறா.

கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ராஜீவ் காந்தி சாலை ஓரமாக நகரம் தன் ஏழைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே தள்ளிக்கொண்டே போனது. பெரும்பாக்கத்தில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேல் குடியிருப்புகள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரக் குடும்பங்கள் பலவற்றை அங்கேதான் ஏற்றினார்கள். போனவர்கள் முதலில் தேடியது வேலையை. அதற்காகத் திரும்பி வந்த இடமும் பழைய இடம்தான். வீடு கொடுத்ததைக் குறை சொல்லவில்லை. வாசல் எங்கே திறக்கிறது என்று கேட்கிறேன்.

இதில் வேடிக்கை, ஏழைக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய்க் கொடுப்பது இந்த ஊருக்குப் புதிதே இல்லை. 1782. ஹைதர் அலியோடு போர், ஊரெல்லாம் பஞ்சம், ஜனங்கள் சோறு தேடிச் சென்னைக்குள் வந்து விழுகிறார்கள். அப்போது ராயபுரம் பக்கம் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம்தான் மணியக்காரர் சத்திரம். கஞ்சி குடிக்க வந்தவர்களுக்கு வைத்தியமும் பார்க்க வேண்டியிருந்தது. அந்த வேர்தான் பின்னால் ஸ்டான்லி மருத்துவமனையாக வளர்ந்தது. வடசென்னையில் வயதானவர்கள் இன்றைக்கும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். ஸ்டான்லி துரையின் பெயர் பலகையில் இருக்கிறது, கஞ்சியின் பெயர்தான் வாயில் இருக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன், அம்மா உணவகத்தைப் பாருங்கள். 2013 பிப்ரவரியில் தொடங்கியது. இட்லி 1 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய். அதை எங்கே வைத்தார்கள்? வார்டுக்கு வார்டு வைத்தார்கள், அரசு மருத்துவமனை வளாகத்துக்குள் வைத்தார்கள். "பெரும்பாக்கத்தில் ஒரே ஒரு பெரிய சமையல்கூடம் கட்டுகிறோம், பசித்தவர்கள் எல்லோரும் அங்கே வாருங்கள்" என்று யாரும் சொல்லவில்லை. சோற்றை ஆள் இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோகத் தெரிந்த மாநகரத்துக்குக் கூரையை மட்டும் கொண்டுபோகத் தெரியாதா?

தெரியும். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2001இல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் உணவு உரிமைக்காகப் போட்ட வழக்கு, 2010இல் டெல்லிக் குளிரில் தெருவில் செத்தவர்களால் காப்பகத்தின் பக்கம் திரும்பியது. உச்ச நீதிமன்றம் சொன்னது, லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், இருபத்துநான்கு மணி நேரமும், வருஷம் முழுக்கவும் திறந்திருக்க வேண்டும். 2013இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதிகளில் ஆளுக்கு 50 சதுர அடி, கழிப்பறை, சமைக்க இடம் எல்லாம் எழுதியிருந்தார்கள். முக்கியமாக, ரயில் நிலையம், பஸ் நிலையம், சந்தை என்று அவர்கள் கூடுகிற இடத்துக்குப் பக்கத்தில் காப்பகம் இருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். 2011 கணக்கிலேயே விரிந்த சென்னைக்கு 67 லட்சம் போல மக்கள்தொகை. அப்படியானால் அறுபத்தேழு காப்பகம் வேண்டும். அது பழைய கணக்கு, இன்றைய கூட்டத்துக்கு அதுவும் போதாது. நாம் இன்னும் அந்தப் பழைய கணக்கையே எட்டவில்லை. இருக்கிறவற்றில் உருப்படியானவை, அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளோடு வருபவர்களுக்கென்று மாநகராட்சி வைத்திருப்பவை. மகனை வார்டில் சேர்த்துவிட்டு வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்த அப்பாக்களுக்கு அதன் அருமை தெரியும்.

எதிரணியினர் விரல் தூக்குகிறார்கள். தெரியும், அந்தக் கேள்விக்குத்தான் வருகிறேன். "காப்பகத்தில் ஆண் ஓரிடம், பெண் ஓரிடம். குடும்பம் எங்கே போகும்?" என்றார் பேராசிரியர் அம்மா. அவர் பேச்சில் நான் பதில் சொல்லத் திணறிய ஒரே இடம் அது. ஜார்ஜ் டவுன் நடைபாதையில் தாத்தா காலத்திலிருந்து இருக்கும் குடும்பங்கள் உண்டு. அங்கேயே பிறந்து, அங்கேயே கல்யாணமாகி, அங்கேயே பேரன் எடுத்தவர்கள். அவர்களிடம் போய், "நீ அந்தக் கூடத்துக்குப் போ, உன் வீட்டுக்காரர் இந்தக் கூடத்துக்கு வரட்டும், பன்னிரண்டு வயசுப் பையன் மூன்றாவது இடத்துக்கு" என்றால் நடைபாதையே மேல் என்பார்கள். நியாயம்தான். பூட்டுகிற பெட்டி இல்லாத காப்பகம் உண்டு, மூட்டைப்பூச்சிக்கும் சேர்த்துப் படுக்கை போட்ட காப்பகம் உண்டு, தள்ளுவண்டியை நிறுத்த இடமில்லாததால் வண்டிமேலேயே படுத்துக்கொள்கிறவர் உண்டு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அம்மா, கூரை ஒழுகினால் ஓட்டை மாற்றுவோமா, ஊரை மாற்றுவோமா? குடும்பத்துக்குத் தடுப்புச் சுவர் வைத்த அறை கட்டுங்கள், பூட்டுப் பெட்டி வையுங்கள், வண்டி நிற்க இடம் விடுங்கள். ஏழு மாடி கட்டுகிற கை இதையும் கட்டும்.

அப்புறம் அவர் பின்லாந்துக்குப் போனார். 2008இலிருந்து "வீடு முதலில்" என்று வைத்து, விடுதிகளை மூடி வீடு கொடுத்து, வீடற்றோரைப் பெருமளவு குறைத்துவிட்டார்கள் என்றார். உண்மை. அங்கே குளிரில் நாமெல்லாம் ஒரு ராத்திரிகூடத் தாங்க மாட்டோம் என்பது வேறு விஷயம். ஆனால் ஹெல்சின்கியில் என்ன செய்தார்கள் என்று முழுசாகச் சொல்ல வேண்டும் அல்லவா? ஆல்பிகாட்டு என்ற தெருவில் சால்வேஷன் ஆர்மியின் பெரிய விடுதி ஒன்று இருந்தது. கட்டில் கட்டிலாகப் போட்ட பழைய பாணி விடுதி. அதே கட்டடத்தைத் தனித்தனி வீடுகளாகப் பிரித்து, வாடகை ஒப்பந்தம் எழுதி, உதவிக்குப் பணியாளர்களையும் வைத்தார்கள். ஆளை நகர்த்தவில்லை. காப்பகமே, இருந்த இடத்தில் இருந்தபடி, வீடாக மாறியது. நகரத்து நிலத்தில் பெரும்பகுதி அந்த மாநகராட்சிக்கே சொந்தம் என்பதால் அவர்களால் ஊருக்குள்ளேயே அதைச் செய்ய முடிந்தது. அம்மா எங்கள் அணிக்கான சாட்சியைத்தான் அவ்வளவு தூரத்திலிருந்து விமானச் செலவு பண்ணிக் கூட்டி வந்திருக்கிறார். நன்றி.

இன்னும் ஒன்று. வீடில்லாதவருக்கு ஓட்டு உண்டா என்று பலருக்குச் சந்தேகம். உண்டு. தேர்தல் ஆணையத்தின் விதிப்படி, படிவம் 6இல் தான் படுக்கிற இடத்தைக் குறித்துக் கொடுத்தால், வாக்குச்சாவடி அலுவலர் ராத்திரியில், அதுவும் ஒரே நாளோடு விடாமல், போய்ப் பார்க்க வேண்டும். ஆள் அங்கேதான் தூங்குகிறார் என்று தெரிந்தால் போதும், வேறு முகவரிச் சான்று தேவையில்லை. தூங்குகிற இடமே முகவரி என்று ஒத்துக்கொண்ட விதி அது. மறுபக்கம், 1945ஆம் ஆண்டுப் பிச்சைத் தடுப்புச் சட்டம் ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. தெருவில் கையேந்தினால் பிடித்துக்கொண்டுபோய் வேறெங்கோ வைக்கச் சொல்கிற சட்டம். டெல்லியில் இதே மாதிரிச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை அங்கத்து உயர் நீதிமன்றம் 2018இல் செல்லாது என்று சொல்லிவிட்டது. ஒன்று, நீ இருக்கிற இடத்தில் உன்னை எண்ணுகிறேன் என்கிறது. இன்னொன்று, என் கண்ணில் படாத இடத்துக்குப் போ என்கிறது. ஊர் தாண்டி வீடு என்கிற யோசனை இந்த இரண்டில் எதற்கு உறவு என்று எதிரணியே சொல்லட்டும்.

மணி அடித்துவிட்டார்கள். ஒரு நிமிஷம் ஐயா, ஒரே நிமிஷம்.

காப்பகம் ஏன் பெருகவில்லை? பணமில்லை என்பார்கள், இடமில்லை என்பார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் நம் பின்தெருவில் பூட்டிக் கிடக்கும் அந்தப் பழைய கட்டடத்தில் ஒரு காப்பகம் வருகிறது என்று பேச்சு அடிபட்டதே, ஞாபகம் இருக்கிறதா? நாம் ஒரு மனு எழுதினோம். "பெண்கள் மற்றும் குழந்தைகளின் பாதுகாப்பு கருதி" என்று தொடங்கும். வரவிருந்தது பெண்களுக்கான காப்பகம். அந்த மனுவில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது. முதல் கையெழுத்து யாருடையது என்று நான் சொல்லப்போவதில்லை. நடுவர் ஐயா இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை, எனக்கு எதற்கு வம்பு?

கட்டடம் இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. பழைய மனுவைத் திரும்பப் பெறுகிறோம் என்று இரண்டு வரி எழுதி ஒரு தாள் கொண்டுவந்திருக்கிறேன். முதல் கையெழுத்துக்கான இடத்தைக் காலியாக விட்டுவிட்டு இரண்டாவதாக நான் போட்டிருக்கிறேன். தாள் பந்தி நடக்கிற இடத்தில், கை கழுவும் குழாய்க்குப் பக்கத்தில், பேனாவோடு இருக்கிறது. வணக்கம்.