4294967297 பகா எண்ணா? சி ப்ரோக்ராம்ல ஏன் 1-னு வருது?

வணக்கம். ஒரு மாணவர் கேட்டிருக்கார்: "4294967297-ஐ 3, 7, 11, 13-னு வரிசையா வகுத்துப் பாத்தேன், எதுலயும் மீதியில்லாம போகல. இது பகா எண்தானா? சி-ல எழுதிப் பாத்தா 1-னு காட்டுது."

இது பகா எண் இல்லை. 641-ஆல வகுபடும்.

இந்த எண் 2-இன் 32-ஆவது அடுக்கு கூட்டல் 1. இதே வகையில, அடுக்கு 1, 2, 4, 8, 16-னு இரட்டிப்பாகி முன்னாடி வர்ற 3, 5, 17, 257, 65537 அஞ்சுமே பகா எண்தான். அதனால எல்லாமே பகா எண்ணா இருக்கும்னு கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். 1732-ல இன்னொரு கணித அறிஞர் ஆய்லர்தான் 641-ஐக் கண்டுபிடிச்சார்.

நீங்க போன வழி தப்பில்லை, ரொம்ப நீளம். 641 பகா எண் வரிசையில 116-ஆவது. ஆய்லர் வழி இதுதான். ஒரு பகா எண் இதை வகுக்குதுன்னா, 2-இன் 32-ஆவது அடுக்கை அதால வகுத்தா மீதி -1, அதாவது அதோட ஒரு மடங்குக்கு ஒண்ணு கம்மி. வர்க்கப்படுத்தினா 64-ஆவது அடுக்குக்கு மீதி 1. அதுக்கு முன்னாடி எந்த அடுக்குலயும் 1 வராது. ஃபெர்மாவோட சிறு தேற்றப்படி அந்தப் பகா எண்ணுல ஒண்ணு குறைச்சா வர்ற அடுக்குக்கும் மீதி 1. ஆக, ஒண்ணு குறைச்சது 64-ஓட மடங்கா இருந்தே ஆகணும்.

அப்போ பாக்க வேண்டியது 64-ஓட மடங்கைவிட ஒண்ணு அதிகமான பகா எண்கள் மட்டும்தான்: 193, 257, 449, 577, 641. அஞ்சாவதுலயே கிடைச்சிடுது! இதுல 257-ஐப் பாக்கவே வேண்டாம். 3 × 5 × 17 × 257 × 65537 பெருக்கிப் பாருங்க, 4294967295 வரும். நம்ம எண்ணைவிட சரியா ரெண்டு கம்மி. அதனால 257-ஆல வகுத்தா மீதி 2-தான். எனக்கு இந்த எண்ணுல ரொம்பப் பிடிச்ச இடம் இது.

641-ஆல கையாலயே வகுத்துப் பாருங்க. 4294-ல 6 தடவை, மீதி 448. 9-ஐ இறக்கினா 4489, 7 தடவை, மீதி 2. அடுத்து 6-ஐ இறக்கினா 26, போகாது, ஈவுல 0. 7-ஐ இறக்கினா 267, அதுவும் போகாது, இன்னொரு 0. நிறைய பேர் இந்த ரெண்டு பூஜ்யத்துல ஒண்ணை விட்டுடுவாங்க, விடை பத்துல ஒரு பங்கா சுருங்கிடும். அப்புறம் 2672-ல 4, 1089-ல 1, கடைசியா 4487-ல 7, மீதி 0. ஈவு 6700417. அதுவும் பகா எண்தான்.

இப்போ ப்ரோக்ராம். 32 பிட் அன்சைன்ட் இன்ட்ல (மைனஸ் இல்லாத முழு எண்ணை மட்டும் வைக்கிற வகை) அதிகபட்சம் 4294967295. அதுக்கு மேல போனா மறுபடி 0-ல இருந்து ஆரம்பிக்கும். அடுத்தது 0, அதுக்கடுத்தது 1. நீங்க பாத்த 1 அதுதான். இன்னும் பெரிய எண்ணை வைக்கிற லாங் லாங் வகைக்கு மாத்துங்க, சரியாயிடும்.

இன்னொண்ணு. பகா எண்ணான்னு சோதிக்க, 2-ஐ மட்டும் அடிமானமா (அடுக்கு போடுற எண்ணா) வச்சு ஃபெர்மா சோதனை போடாதீங்க. அதாவது, சோதிக்கிற எண்ணுல ஒண்ணு குறைச்சு அந்த அடுக்குக்கு உயர்த்தி, அதே எண்ணால வகுத்தா மீதி 1 வருதான்னு பாக்கிறது. 2-இன் 64-ஆவது அடுக்குலயே மீதி 1 வந்துடுது. நம்ம எண்ணுல ஒண்ணு குறைச்சா 2-இன் 32-ஆவது அடுக்கு, அது 64-ஓட மடங்கு. அதனால இந்த எண் அந்தச் சோதனையில பாஸ் ஆயிடும். 3-ஐ அடிமானமா வச்சுப் பாருங்க, மாட்டிக்கும்.